ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு என்ன பார்ப்பது? பெர்லின் ஓப்பனிங்கும் சில உலக சாம்பியன் ஆட்டங்களும்

“சித்தப்பா, ரெண்டு ராணியும் போயிடுச்சு. இனிமே இதுல பார்க்க என்ன இருக்கு?”

அண்ணன் மகள் கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், குகேஷ் சாம்பியன் ஆன பிறகு செஸ் பக்கம் வந்தவள். 2000-ஆம் ஆண்டு லண்டனில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் காஸ்பரோவும் கிராம்னிக்கும் ஆடிய முதல் ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். எட்டு நகர்வுதான் ஆகியிருந்தது. அதற்குள் ராணிகள் பலகைக்கு வெளியே வந்துவிட்டன, கறுப்பு ராஜா காஸ்லிங் செய்ய (ஒரே நகர்வில் யானையோடு சேர்ந்து நகர்ந்து ஓரமாக ஒதுங்க) முடியாமல் நடுவில் நின்றது. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த எட்டு நகர்வுக்குள் என்ன நடந்தது என்று புரிந்தால், ஓப்பனிங் என்றால் என்ன, உலக சாம்பியன் ஆட்டங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற இரண்டும் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால் நூறு ஓப்பனிங்குகளின் பெயரை இங்கே அடுக்கப்போவதில்லை. பெர்லின் என்ற இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு போகலாம். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு பலகை இருந்தால் இன்னும் நல்லது.

ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைத்தான் ஓப்பனிங் என்கிறோம். காய்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது, நடுக்கட்டங்களைப் பிடிப்பது, ராஜாவைப் பத்திரமான இடத்தில் வைப்பது, இந்த மூன்றும்தான் அப்போது நடக்கும் வேலை. பல நூறு ஆண்டுகளாக மக்கள் இதையே செய்துவந்ததால் நல்ல வழிகள் தேய்ந்த பாதைகளாகிவிட்டன. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் உண்டு. ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர், ஆள் பெயர் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டது.

தொடக்கத்தில் பலரும் நகர்வுகளை வரிசையாக மனப்பாடம் செய்வதுதான் ஓப்பனிங் படிப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். எதிராளி ஐந்தாவது நகர்வில் பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடியதும் கை நின்றுவிடும். ஓப்பனிங்கை நான் பேருந்து நிலையத்தோடு ஒப்பிடுவேன். எந்த வண்டியில் ஏறுகிறோம் என்பதில்தான் எந்த ஊருக்குப் போய்ச் சேருவோம் என்பது இருக்கிறது. தாக்குதல் நிறைந்த ஆட்டமா, மெதுவாக நெருக்கும் ஆட்டமா, ராணி இல்லாத நீண்ட ஆட்டமா? உலக சாம்பியன் போட்டிகளில் ஆடுபவர்கள், எதிராளி போக விரும்பாத ஊருக்கு எந்த வண்டி போகும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து தேடுகிறார்கள்.

சரி, பலகைக்கு வருவோம்.

கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. வெள்ளைக் காய்களின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக எட்டு நெடுவரிசைகள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச். வெள்ளை பக்கத்திலிருந்து மேலே போகப் போக 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8. காய்களை நம் ஊரில் வழங்குகிறபடியே ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று சொல்கிறேன். பிஷப் என்று சொல்லிப் பழகியவர்கள் மந்திரி என்ற இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நகர்வில் வெள்ளை ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய் இ4-க்கு இரண்டு கட்டம் போகிறது. கறுப்பும் அதேபோல் இ5. இரண்டாவதில் வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காக்கிறது. மூன்றாவதில் வெள்ளை மந்திரி பி5-க்குப் போய், காவலுக்கு நிற்கும் அந்தக் குதிரையின் மேல் கண் வைக்கிறது. இதுதான் ஸ்பானிஷ் ஓப்பனிங். ரூய் லோப்பஸ் என்றும் சொல்வார்கள். 1561-இல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரின் பெயர் அது. காவலை அசைத்தால் சிப்பாய் ஆட்டம் காணும் என்ற எளிய எண்ணம்தான் இதன் அடிப்படை. அந்த எண்ணத்தின் மேல் நானூறு ஆண்டுக்கும் மேலாக ஆட்டம் வளர்ந்திருக்கிறது.

இங்கே கறுப்பு பெரும்பாலும் ஓரத்துச் சிப்பாயை ஏ6-க்குத் தள்ளி மந்திரியை விரட்டும். பெர்லின் தடுப்பில் (கறுப்பு தேர்ந்தெடுக்கும் ஓப்பனிங்கைத் தடுப்பு என்பார்கள்) அப்படிச் செய்வதில்லை. இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து, “நீ என் சிப்பாயைப் பார், நான் உன் சிப்பாயைப் பார்க்கிறேன்” என்று இ4 சிப்பாயைத் தாக்குகிறது. நான்காவதில் வெள்ளை காஸ்லிங் செய்கிறது. கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளைக்குப் பதற்றம் எதுவும் இல்லை. கறுப்பு ராஜா இன்னும் நடுவில் நிற்பதால், ஐந்தாவதில் டி4 என்று சிப்பாயைத் தள்ளி நடுவைத் திறக்கப் பார்க்கிறது. கறுப்புக் குதிரை டி6-க்குப் பின்வாங்குகிறது. சும்மா வரவில்லை, பி5-இல் இருக்கும் மந்திரியைத் தாக்கிக்கொண்டே வருகிறது. அந்த மந்திரி ஆறாவதில் சி6 குதிரையை வெட்டுகிறது. கறுப்பு டி சிப்பாயால் அதைத் திருப்பி வெட்டுகிறது. ஏழாவதில் வெள்ளைச் சிப்பாய் இ5-இல் வெட்டி டி6 குதிரையை விரட்ட, குதிரை எஃப்5-க்கு ஓடுகிறது. டி நெடுவரிசை இப்போது திறந்து கிடக்கிறது. எட்டாவதில் வெள்ளை ராணி நேரே டி8-க்குப் போய்க் கறுப்பு ராணியை வெட்ட, கறுப்பு ராஜா அதைத் திருப்பி வெட்டுகிறது.

அவள் கேள்வி கேட்டது இந்த இடத்தில்தான்.

“எண்ணிப் பார்” என்றேன். எண்ணினாள். இரண்டு பக்கமும் ஏழு சிப்பாய். இரண்டு பக்கமும் இரண்டு யானை. வெள்ளையிடம் இரண்டு குதிரை, ஒரு மந்திரி. கறுப்பிடம் ஒரு குதிரை, இரண்டு மந்திரி. “சமம்தான்” என்றாள். “இப்ப யானை, குதிரை, மந்திரி எல்லாத்தையும் எடுத்து வெளியே வை. ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கட்டும்” என்றேன். வைத்தாள். பலகை சட்டென்று தெளிவாகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

வலது பக்கம் வெள்ளைக்கு இ, எஃப், ஜி, ஹெச் என்று நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. இடது பக்கம் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. கணக்கு ஈடுகட்டின மாதிரி தெரியும், ஆனால் ஈடாகவில்லை. வலது பக்கம் வெள்ளை தன் நான்கையும் மெல்லத் தள்ளி ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எதிரில் தடுக்க ஆளில்லாத ஒரு சிப்பாய் மிஞ்சும். பாஸ்டு பான் என்பது இதைத்தான். அது எட்டாவது வரிசையைத் தொட்டால் ராணி. இடது பக்கம் கறுப்பின் நான்கு சிப்பாய்களில் இரண்டு ஒரே நெடுவரிசையில், சி6, சி7 என்று முன்னும் பின்னும் நிற்கின்றன. இரட்டைச் சிப்பாய். ஒன்றின் வழியை இன்னொன்று அடைத்துக்கொண்டிருப்பதால், வெள்ளை அவசரப்பட்டு எதையும் வெட்டாத வரை அந்த நான்கால் ஒரு பாஸ்டு பானை உண்டாக்க முடியாது. பெயரளவில் நான்கு, வேலைக்கு மூன்று.

ஆக, காய்கள் எல்லாம் போய் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் வெள்ளைக்கே ஜெயம்.

“அப்ப கறுப்பு ஏன் இதை ஆடணும்?” என்றாள். காய்களை எல்லாம் திரும்ப அதனதன் இடத்தில் வைக்கச் சொன்னேன். காய்கள் இன்னும் போகவில்லை என்பதுதான் பதில். கறுப்பிடம் இரண்டு மந்திரிகள் இருக்கின்றன, திறந்த பலகையில் அந்த ஜோடி நீண்ட தூரம் பாயும். வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரியை வெள்ளை சி6-இல் கொடுத்துவிட்டது. அதனால் இ6, எஃப்5, டி5 மாதிரியான வெள்ளைக் கட்டங்களில் கறுப்புக் காய்கள் நிம்மதியாக உட்காரலாம், விரட்ட வரும் மந்திரி எதிரில் இல்லை. இ5-க்கு முன்னேறிய வெள்ளைச் சிப்பாய் பலமாகத் தெரிந்தாலும், அது தாண்டி வந்த கட்டங்களுக்கு இனி காவல் இல்லை. கறுப்பு ராஜா நடுவில் நிற்பது ராணிகள் இருந்தால் ஆபத்து. ராணிகள் போய்விட்டதால் அது பொழுது எடுத்துக்கொண்டு நடந்து ஒரு ஓரம் சேரலாம். கறுப்பின் முகாமில் போய்த் தாக்குவதற்குச் சட்டென்று ஒரு இலக்கும் அகப்படாது. இந்த உறுதியால்தான் இதற்குப் பெர்லின் சுவர் என்ற பெயர் வந்தது.

ஆட்டம் முழுக்க இந்த ஒரே இழுபறிதான். வெள்ளைக்குக் காய்களை மாற்றிக்கொண்டே போக ஆசை, ஒவ்வொரு மாற்றமும் அந்த ஜெயிக்கிற சிப்பாய் நிலைக்கு ஒரு படி அருகே கொண்டுபோகும். கறுப்புக்கு அந்த மந்திரி ஜோடியை விட மனமில்லை. வெள்ளை ஜி4 தள்ளி எஃப்5 குதிரையை விரட்டப் பார்க்கும், கறுப்பு ஹெச்5 தள்ளி அதைத் தடுக்கப் பார்க்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு ஓரச் சிப்பாயின் நகர்வுகூட ஏன் என்று புரியும்.

இப்போது லண்டனுக்குப் போகலாம். 2000 அக்டோபர், நவம்பர். ஹேமர்ஸ்மித் பகுதியில் ரிவர்சைடு ஸ்டுடியோஸ் என்ற அரங்கம். 16 ஆட்டம் கொண்ட போட்டி. ஒருபக்கம் 37 வயது காரி காஸ்பரோவ், 1985 முதல் சாம்பியன். (1993-இல் அவர் உலக செஸ் கூட்டமைப்பிலிருந்து பிரிந்துவிட்டதால் அந்தக் காலத்தில் இரண்டு பட்டங்கள் இருந்தன. ஆனாலும் காஸ்பரோவை வென்றவர்தான் சாம்பியன் என்று செஸ் உலகில் பெரும்பாலோர் நினைத்தார்கள்.) எதிரில் 25 வயது விளாடிமிர் கிராம்னிக்.

காஸ்பரோவ் வெள்ளையில் ஆடினால் எப்படி இருக்கும் என்று அவருடைய எந்த ஆட்டத்தை எடுத்தாலும் தெரியும். காய்கள் எல்லாம் உயிரோடு இருக்கும், ராணி நடுவில் இருக்கும், எதிராளியின் ராஜா மேல் புயல் மாதிரி இறங்குவார். ஓப்பனிங் தயாரிப்பிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரோடு அந்தக் களத்தில் மோதி ஜெயிப்பது கடினம் என்பதைக் கிராம்னிக் ஒப்புக்கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதனால் களத்தையே மாற்றினார். தூசி படிந்து கிடந்த பெர்லினை எடுத்து வந்தார். எட்டு நகர்வில் ராணிகள் போய்விடும். வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் இருக்கும், ஆனால் அந்தச் சாதகத்தை வைத்துப் புயல் வீச முடியாது.

முதல் ஆட்டத்திலேயே பெர்லின் வந்தது, 25 நகர்வில் டிரா. அடுத்த ஆட்டத்தில் கிராம்னிக்குக்கு வெள்ளை. காஸ்பரோவ் குருன்ஃபெல்டு தடுப்பு ஆடித் தோற்றார். பிறகு 3, 9, 13-ஆம் ஆட்டங்களிலும் பெர்லின் வந்தது, மூன்றும் டிரா. காஸ்பரோவ் இடையிடையே வேறு ஓப்பனிங்குகளும் போட்டுப் பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை. 10-ஆவது ஆட்டத்தைக் கிராம்னிக் 25 நகர்வில் வென்றார். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்ற கணக்கில், 15 ஆட்டம் முடிந்தபோது கிராம்னிக்குக்கு 8.5–6.5. காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு சாம்பியன் ஒரு வெற்றியும் இல்லாமல் பட்டத்தைப் பறிகொடுத்தது 1921-இல் லாஸ்கர் கபாபிளாங்காவிடம் தோற்ற பிறகு அதுதான் முதல் முறை.

பெர்லின் கறுப்புக்கு ஒரு வெற்றியும் தேடித்தரவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வெற்றியும் கிராம்னிக் வெள்ளையில் ஆடியபோது வந்தவை. பெர்லின் செய்தது எல்லாம் காஸ்பரோவின் வெள்ளை ஆட்டங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கியதுதான். வீட்டுக்குக் காவல் பலமாக இருந்ததால் வெளியே போய்ச் சண்டை போட முடிந்தது. ஒரு ஓப்பனிங்கின் மதிப்பை அந்த ஒரே ஆட்டத்தின் முடிவை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. போட்டி முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காஸ்பரோவ் சுவரை உடைக்க முடியாததை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. நான்கு முறை அதே சுவரின் முன்னால் போய் நின்றதுதான் அவருக்கு வினையானது. எதிராளி தன் வீட்டுத் திண்ணை மாதிரி பழகிவைத்திருக்கும் இடத்துக்கு, உண்மையைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று திரும்பத் திரும்பப் போனார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பட்டப் போட்டியில் அதற்கு நேரம் இல்லை.

எட்டு ஆண்டு கழித்து அதே கிராம்னிக்கோடு ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் வேறு மாதிரி யோசித்தார். 2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். ஆனந்த் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் இ4 ஆடியவர். இ4-க்கு எதிரே கிராம்னிக்கிடம் பெர்லின் இருக்கிறது, அதே அளவு உறுதியான பெட்ரோஃப் தடுப்பும் இருக்கிறது. ஆனந்த் என்ன செய்தார்? சுவர் பக்கமே போகவில்லை. வெள்ளை கிடைத்தபோது டி4 ஆடினார். கிராம்னிக் வீட்டில் போட்ட உழைப்பில் பெரும்பகுதி பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

கறுப்பில் ஆனந்த் அதைவிடத் துணிச்சலாக ஆடினார். 3-ஆவது ஆட்டத்தில் செமி ஸ்லாவ் தடுப்பின் மெரான் பிரிவுக்குள் போய், 14-ஆவது நகர்வில் மந்திரியை பி7-இல் வைத்தார். அவருடைய ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாய்கள் கலைந்து கிடக்கின்றன, ராஜா இன்னும் நடுவில் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் மந்திரி பி7-க்கு வந்ததும் ஜி நெடுவரிசை யானைக்குத் திறந்திருக்க, வெள்ளை ராஜாவின் மேல் எல்லாக் காய்களும் ஒருசேர நோக்குகின்றன. இது வீட்டில் தயாரித்தது. ஆனந்த் ஜெயித்தார். 5-ஆவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதையில் திரும்ப வந்தார். அதிலும் ஆனந்துக்கே வெற்றி. கடைசியில் 34-ஆவது நகர்வில் குதிரையை இ3-இல் தூக்கிக் கொடுத்தார். சிப்பாயால் அதை வெட்டினால், திருப்பி வெட்டும் கறுப்புச் சிப்பாய் இ3-க்கு வந்துவிடும், பிறகு ராணி ஆவதை எவராலும் தடுக்க முடியாது. லண்டனில் காஸ்பரோவ் செய்ததைப் பானில் கிராம்னிக் செய்தார், எதிராளி தயாராக நின்ற இடத்துக்கே இரண்டாவது முறை போனார்.

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் 11-ஆவது ஆட்டத்தில் இருக்கிறது. கிராம்னிக் ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. ஆனந்த் அன்றைக்கு இ4 ஆடினார். சுவருக்கு வழி திறந்துதான் இருந்தது. ஆனால் கிராம்னிக் சிசிலியன் ஆடினார், ஏனென்றால் பெர்லினில் பத்திரமாக இருக்கலாம், அவசரத்துக்கு வெற்றி கிடைக்காது. சிசிலியனில் ஜெயிக்கவும் வழி உண்டு, தோற்கவும் வழி உண்டு. 24 நகர்வில் டிரா ஆனது. 6.5–4.5 என்று பட்டம் ஆனந்திடமே இருந்தது. ஸ்கோர் பலகையைப் பார்க்காமல் ஓப்பனிங்கைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். யார் முன்னால் இருக்கிறார், இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி, இன்றைக்கு டிரா யாருக்குப் போதும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு பிறகு முதல் நகர்வைப் பாருங்கள்.

2013 நவம்பரில் சென்னையில் நடந்த போட்டியிலும் இதே கதைதான், இந்த முறை நம் பக்கம் வலித்தது. மேக்னஸ் கார்ல்சன் கறுப்பில் பெர்லினைக் கையில் எடுத்தார். 4-ஆவது ஆட்டத்தில் ராணிகள் சீக்கிரமே போன பெர்லின் வந்து, 64 நகர்வு நீடித்து டிரா ஆனது. 6-ஆவது ஆட்டத்தில் ஆனந்த் நான்காவது நகர்வில் காஸ்லிங் செய்யாமல் டி3 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். இ4 சிப்பாயைக் காத்துக்கொண்டு, ராணிகள் போகும் அந்தப் பாதையைத் தவிர்க்கும் வழி இது. இன்றைக்கும் பலர் ஆடுகிறார்கள். ஓப்பனிங்கில் தவறு இல்லை. யானைகள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில்தான் கார்ல்சன் பிழிந்து எடுத்தார்.

9-ஆவது ஆட்டத்துக்கு வரும்போது 5–3 என்று ஆனந்த் இரண்டு புள்ளி பின்னால். டிரா போதாது. டி4 ஆடினார். கறுப்பின் நிம்சோ இந்தியன் தடுப்புக்கு எதிரே எஃப்3 என்று கரடுமுரடான வழியில் நுழைந்தார். வலது பக்கம் கறுப்பு ராஜா மேல் நேரடித் தாக்குதல், இடது பக்கம் கறுப்புச் சிப்பாய் ராணியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 27-ஆவது நகர்வில் அது பி1-இல் ராணியாகிச் செக் வைத்தது. செக்கை மந்திரியை எஃப்1-க்குக் கொண்டுவந்து மறைக்கலாம், குதிரையாலும் மறைக்கலாம். ஆனந்த் ஜி3-இல் நின்ற குதிரையை எடுத்தார். அந்தக் குதிரை விலகியதும் இ1-இலிருந்து ஹெச்4 வரை மூலைவிட்டம் திறந்துவிட்டது. புதிய ராணி இ1-க்கு வந்து நின்றது, யானை ஹெச்4-க்குப் போய் மேட் மிரட்டலாம் என்ற திட்டமே அத்தோடு முடிந்தது. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த நிலையைப் பலகையில் வைக்கும்போதெல்லாம் என் கை குதிரைக்குப் போகாமல் மந்திரிக்குத்தான் போகும்.

அடுத்த ஆண்டு ரஷ்யாவின் சோச்சியில் அதே இருவரும் ஆடியபோது பெர்லின் மறுபடி வந்தது. 7-ஆவது ஆட்டம் 122 நகர்வு. 11-ஆவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு, ஒரு புள்ளி பின்னால், பாக்கி இரண்டே ஆட்டம். ராணிகள் போன அதே நிலை. உயிரில்லாதது என்று பலர் நினைக்கும் அந்த நிலையிலிருந்து 23-ஆவது நகர்வில் பி5 என்று சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் திறந்தார். அருமையான நகர்வு. நான்கு நகர்வு கழித்து யானையை பி4-இல் கொடுத்து மந்திரியை வாங்கினார். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது, 45 நகர்வில் கார்ல்சன் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார். ஆனாலும் பெர்லினில் சண்டையே கிடையாது என்று சொல்பவர்களிடம் நான் காட்டும் ஆட்டம் இதுதான்.

இப்படி ஒரு ஆட்டத்தை நீங்களாகவே உட்கார்ந்து பார்க்கும்போது, முதலில் இன்ஜினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை, அணைத்துவிடுங்கள். திரையின் ஓரத்தில் 0.3 என்று ஓடும் எண், வெள்ளைக்கு ஒரு சிப்பாயில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாதகம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். எதனால் சாதகம் என்று சொல்லாது. அந்த ‘எதனால்’தான் நமக்கு வேண்டும். ஒருமுறை தானாகப் பார்த்து, எங்கே ஆட்டம் திரும்பியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் இன்ஜினைப் போட்டுச் சரிபார்த்தால் அந்த எண் நல்ல வாத்தியார் ஆகிவிடும்.

அடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். பதினைந்து நகர்வை ஒருவர் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆடிவிட்டு, எதிராளி அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால், முதலாமவர் இன்னும் வீட்டுப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் முதல்முறையாக நீண்ட நேரம் யோசிக்கும் இடத்தில் பாடம் முடிகிறது, அங்கிருந்துதான் உண்மையான ஆட்டம். அதற்கு முன் யாரும் ஆடாத ஒரு நகர்வைப் புதுமை என்பார்கள். அது பளபளப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாதாரணமான ஒரு மந்திரி நகர்வாகக்கூட இருக்கும், பானில் இருந்த மாதிரி.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெர்லினைத் தங்கள் ஆட்டத்தில் ஆட வேண்டுமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ராணிகளோடு, காய்களோடு, தப்பும் தவறுமாகத் தாக்கி ஆடிப் பழகுங்கள். இ4, குதிரை, மந்திரி, காஸ்லிங் என்று எளிமையாகப் போனால் போதும். பெர்லினை ஆடிப் பழகுவதைவிட அதைப் பார்த்துப் பழகுவதில் லாபம் அதிகம். காய்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சிய சிப்பாய்களைப் பார்க்கிற பழக்கம் அதிலிருந்துதான் வரும்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு அண்ணன் மகளுக்குக் கடைசியாக ஒரு நிலையைக் காட்டினேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், குகேஷும் டிங் லிரெனும் ஆடிய 14-ஆவது ஆட்டம். ஸ்கோர் 6.5–6.5. டிங்குக்கு வெள்ளை. ஓப்பனிங் எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இருவரிடமும் ஒரு யானை, ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். கவனமாக ஆடினால் டிரா, மறுநாள் வேக ஆட்டங்களில் பட்டம் முடிவாகியிருக்கும். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நின்றது.

“யானைகளை எடு” என்றேன். எடுத்தாள். “இப்ப கறுப்பு என்ன ஆடலாம்?”

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். பிறகு கறுப்பு மந்திரியை டி5-இல் வைத்தாள். மூலையில் இருக்கும் வெள்ளை மந்திரிக்குப் போக இடமில்லை, மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு மந்திரிகளையும் அவளே எடுத்து வெளியே வைத்தாள். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சின. விரலால் கறுப்புச் சிப்பாய்களை எண்ணினாள், வெள்ளையையும் எண்ணினாள்.

“கறுப்பு ஜெயிச்சிருச்சு சித்தப்பா” என்றாள்.

மூன்று நகர்வு கழித்து டிங் விட்டுக்கொடுத்தார். குகேஷுக்கு அப்போது 18 வயது.